மானியக் காசில் கணினி வாங்க முன்: எந்த வகை, எந்தப் பதிவேடு

மட்டக்களப்பில் ஒரு பிரதேச செயலகம் திறைசேரி ஒதுக்கீட்டில் ஒரு லப்டொப் வாங்கினால் அது மூலதனச் செலவு. செலவுக் குறி 2102, அதாவது தளபாடமும் அலுவலக உபகரணமும். அதே லப்டொப்பை அடுத்த வீதியில் இருக்கும் தொண்டு நிறுவனம் அமெரிக்க அரச மானியத்தில் வாங்கினால், பெரும்பாலும் அது கடதாசி, டோனரோடு சேர்ந்து ‘சப்ளைஸ்’ என்ற தலைப்புக்குள் போகும். பொருளும் விலையும் ஒன்றுதான். காசு எங்கிருந்து வந்தது என்பதுதான் வகையைத் தீர்மானிக்கிறது. இதைக் கவனியாமல் எல்லாவற்றையும் ஒரே பழக்கத்தில் பதிகிற அலுவலகங்களில்தான் கணக்காய்வு நேரத்தில் செலவு நிராகரிக்கப்படுகிறது.

வாகரையிலிருந்து பொத்துவில் வரை அமெரிக்க மானியத்தை நேரடியாகவோ உப மானியமாகவோ கையாளுகிற நிறுவனங்களின் கணக்காளர்களுக்கும், பல்கலைக்கழகத் திட்டப் பிரிவுகளில் பதிவேடு எழுதுகிறவர்களுக்கும் இந்த வழிகாட்டி. அடிப்படை விதி 2 சிஎப்ஆர் 200 ஆம் பகுதி, அதாவது அமெரிக்க மத்திய அரசின் ஒழுங்குவிதித் தொகுப்பில் மானியங்களுக்குரிய பகுதி. அது 2024 ஒக்டோபர் 1 முதல் திருத்தப்பட்டது. அதற்கு முன் கையெழுத்தாகி, பிறகு திருத்தப்படாத ஒப்பந்தங்களில் பழைய எண்களே செல்லும். ஆகவே உங்கள் மானிய ஒப்பந்தத்தின் திகதியையும் அதில் எழுதியிருக்கிற நிபந்தனைகளையும் முதலில் பாருங்கள். ஒப்பந்தம் பொது விதியைவிட இறுக்கமாக இருந்தால் ஒப்பந்தத்தின்படியே நடக்க வேண்டும்.

வரம்பு: குறைந்த தொகை எதுவோ அதுவே

ஒரு பொருள் ‘உபகரணம்’ ஆவதற்கு இரண்டு நிபந்தனைகள். ஒரு வருடத்துக்கு மேல் பாவிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஓர் அலகின் கொள்வனவுச் செலவு குறித்த வரம்பைத் தொட வேண்டும் அல்லது தாண்ட வேண்டும். அந்த வரம்பு 10,000 டொலர் (2024 திருத்தத்துக்கு முன் 5,000 டொலர்), அல்லது உங்கள் நிறுவனம் தன் நிதிக்கூற்றுக்காக வைத்திருக்கும் மூலதனமாக்கல் வரம்பு, அதாவது எந்த விலையிலிருந்து ஒரு பொருளை நிலையான சொத்தாகப் பதிகிறீர்கள் என்ற தொகை. இரண்டில் எது குறைவோ அதுதான் உங்களுக்குரியது.

இங்கேதான் நம்முடைய சிறு நிறுவனங்கள் மாட்டிக்கொள்கின்றன. பல வருடங்களுக்கு முன் யாரோ எழுதிய நிதிக் கைநூலில் ‘25,000 ரூபாவுக்கு மேற்பட்டவை நிலையான சொத்து’ என்று ஒரு வரி இருக்கும். ஒருவரும் அதைத் திரும்பப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த ஒரு வரியால் 265,000 ரூபா லப்டொப் மட்டுமல்ல, 60,000 ரூபா பிரின்டரும் அமெரிக்க விதியின்படி ‘உபகரணம்’ ஆகிவிடும். அலுவலகக் கணினி பொதுப் பாவனை உபகரணம் என்பதால், அதை நேரடிச் செலவாகப் போட முன்கூட்டிய எழுத்து மூல அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் வாங்கினால் முழுத் தொகையும் கேள்விக்குள்ளாகும்.

இதைத் திருத்த வழி உண்டு, ஆனால் மானியம் தொடங்குமுன் செய்ய வேண்டும். நிர்வாக சபைக் கூட்டத்தில் மூலதனமாக்கல் வரம்பை மீளாய்வு செய்து, தீர்மானத்தைக் கூட்ட அறிக்கையில் பதிந்து, திகதி குறிப்பிட்டு, எல்லா நிதிகளுக்கும் ஒரே மாதிரிப் பின்பற்றுங்கள். அமெரிக்க மானியத்துக்கு ஒரு வரம்பு, மற்றவற்றுக்கு இன்னொன்று என்று வைக்க முடியாது. வரம்பை உயர்த்தினால் சிறு பொருட்கள் கவனிப்பாரற்றுப் போகும் என்ற பயம் நியாயமானது. அதற்கு கைநூலில் இன்னொரு பந்தி சேருங்கள்: லப்டொப், டெப்லட், கையடக்கத் தொலைபேசி, கமெரா, புரொஜெக்டர் ஆகியவை விலை எதுவானாலும் பதிவேட்டில் ஏறும், இலக்கம் ஒட்டப்படும். கணக்கில் செலவு, கட்டுப்பாட்டில் சொத்து. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கலாம்.

வரம்பு ஓர் அலகுக்குரியது. களுவாஞ்சிகுடிப் பயிற்சி நிலையத்துக்கு 12 லப்டொப், ஒவ்வொன்றும் 265,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 3,180,000 ரூபா. டொலர் 300 ரூபா என்றால் 10,600 டொலர். மொத்தத்தைப் பார்த்து உபகரணம் என்று போடுவது பிழை. ஒரு அலகு 883 டொலர்தான், ஆகவே சப்ளைஸ். கணினிச் சாதனங்களைப் பற்றி விதி தெளிவாகவே சொல்கிறது: வரம்புக்குக் கீழ் என்றால், எத்தனை வருடம் உழைத்தாலும் சப்ளைஸ். பிரின்டர், ஸ்கேனர், வெளி ஹாட் டிஸ்க் போன்ற துணைச் சாதனங்களுக்கும் இதுவே.

வகை மாறினால் பணமும் மாறும். மறைமுகச் செலவை, அதாவது ஒரு திட்டத்துக்கென்று பிரிக்க முடியாத பொது நிர்வாகச் செலவை, 15 சதவீத எளிய வீதத்தில் எடுக்கிற நிறுவனம் (பழைய ஒப்பந்தங்களில் 10 சதவீதம்) அந்த வீதத்தைத் திருத்திய மொத்த நேரடிச் செலவின் மேல்தான் கணக்கிடுகிறது. உபகரணம் அந்த அடித்தொகையில் சேராது, சப்ளைஸ் சேரும். மேலே சொன்ன 12 லப்டொப்பில் மட்டும் வித்தியாசம் 477,000 ரூபா. உபகரணமாக இருக்க வேண்டியதை சப்ளைஸில் போட்டால் அவ்வளவையும் திருப்பிக் கட்ட நேரிடும். மறுபுறமாகப் பிழை விட்டால், நிறுவனத்துக்கு உரிய காசை நீங்களே விட்டுவிடுகிறீர்கள்.

ஒரு சேர்வர் விலைமனுவைப் பிரித்துப் பார்த்தல்

விலைமனுவில் இப்படி இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம்: சேர்வர் 2,100,000 ரூபா, அதற்குள் பூட்டும் மெமரியும் ஹாட் டிஸ்க்குகளும் 640,000, யூபிஎஸ் 380,000, பொருத்துக் கூலி 120,000. இதற்கு மேல் 18 சதவீத வாட் (பெறுமதி சேர் வரி).

கொள்வனவுச் செலவு என்பது பொருளைப் பாவனைக்கு ஆயத்தப்படுத்தும் செலவையும் சேர்த்தது. மெமரியும் டிஸ்க்கும் இல்லாமல் சேர்வர் இயங்காது, ஆகவே சேர வேண்டும்: 2,740,000 ரூபா, அதாவது 9,133 டொலர். இந்த இடத்தில் நிறுத்தினால் வரம்புக்குக் கீழ். வாட்டைச் சேர்த்தால் 3,233,200 ரூபா, 10,777 டொலர். வரம்பு தாண்டிவிட்டது. வரி, சுங்கத் தீர்வை, ஏற்றுகூலி, பொருத்துக் கூலி ஆகியவற்றைச் சேர்ப்பதா விடுவதா என்பதை உங்கள் வழமையான கணக்கு நடைமுறைக்கே விதி விட்டிருக்கிறது. ஆனால் அந்த நடைமுறை கைநூலில் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். இந்த சேர்வருக்கு விட்டு அடுத்ததற்குச் சேர்த்தால் கணக்காய்வாளர் ஏற்கமாட்டார். யூபிஎஸ் தனியே இயங்குவது, வேறு கணினிக்கும் மாற்றிப் பூட்டலாம், ஆகவே தனிப் பொருள். தனி இலக்கம், தனி வரி.

வரம்பைத் தவிர்ப்பதற்காக சேர்வரை ஒரு பில்லிலும் டிஸ்க்கை இன்னொரு பில்லிலுமாக வாங்குவதை ஒருபோதும் செய்யாதீர்கள். ஒரே கிழமையில், ஒரே கடையில், ஒரே தொகுதிக்குரிய பாகங்கள் என்றால் கணக்காய்வாளர் கூட்டிப் பார்ப்பார். அப்போது வகைப் பிழை என்று எழுதாமல், வேண்டுமென்று பிரித்ததாகவே எழுதுவார்.

வரம்புக்குக் கிட்ட நிற்கிற பொருளுக்கு நாணய மாற்று வீதமும் பிரச்சினை. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்ட பிறகு சில வாரங்களில் டொலர் 200 சொச்சத்திலிருந்து 300க்கு மேல் போனதை யாரும் மறக்கவில்லை. எந்த நாளின் எந்த வீதத்தைப் பாவிப்பது என்பதைக் கைநூலில் எழுதி, அந்த நாளின் வீதத்தை அச்சிட்டு வவுச்சரோடு இணையுங்கள். அமெரிக்க வெளிநாட்டு உதவி நிதியாயின், 500 டொலரும் அதற்கு மேலும் பெறுமதியான கொள்வனவில் கட்டிய வாட்டைத் தனியே அறிக்கையிடும்படி ஒப்பந்தங்கள் கேட்பது வழமை. ஆகவே வாட்டுக்கென்று ஒரு நிரல் எப்போதும் இருக்கட்டும்.

மென்பொருள், சந்தா, இணையம்

உபகரணம் என்பது தொட்டுணரக்கூடிய பொருள். லப்டொப்போடு வந்த விண்டோஸ் அதன் விலைக்குள் அடங்கும். வருடச் சந்தாவில் எடுக்கும் ஒபிஸ் மென்பொருள், கிளவுட் சேமிப்பு, இணையத்தள ஹோஸ்டிங் எல்லாம் சேவை. அவற்றை ஏனைய நேரடிச் செலவில் போடுங்கள். மாதாந்த இணையக் கட்டணம் தொடர்பாடல் செலவு.

சந்தாவில் அடிக்கடி வரும் பிழை காலம் சம்பந்தப்பட்டது. திட்டம் முடிய 5 மாதம் இருக்கும்போது, விலை மலிவு என்று 36 மாதத்துக்கு அன்டிவைரஸ் வாங்குவார்கள். 54,000 ரூபா என்றால் மாதம் 1,500. மானியத்துக்குப் போகக்கூடியது 7,500 மட்டும். மீதி 46,500 ரூபா நிறுவனத்தின் சொந்தக் காசு. ஒரு வருடச் சந்தாவாக எடுத்து, அதிலும் மானியக் காலத்துக்குரிய பங்கை மட்டும் போடுவதே பாதுகாப்பு. நீடித்த உத்தரவாதத்துக்கும் இதே கணக்குத்தான்.

கணினி முழுக்க முழுக்க அந்தத் திட்டத்துக்கு மட்டும் பாவிக்கப்பட வேண்டும் என்று விதி கேட்கவில்லை. திட்டத்துக்கு அத்தியாவசியமானதாகவும், பாவனைக்கேற்பப் பங்கிடப்பட்டதாகவும் இருந்தால் போதும். ஆனால் பங்கை எப்படிக் கண்டீர்கள் என்பதற்குத் தாள் வேண்டும். நேரப் பதிவில் அந்தத் திட்டத்துக்கு 60 சதவீதம் என்று இருக்கிற உத்தியோகத்தரின் லப்டொப்பை 100 சதவீதம் போட்டிருந்தால், கணக்காய்வாளர் இரண்டு கோப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.

கமெராவும் ரவுட்டரும்: வாங்க முன் லேபலைப் பாருங்கள்

2020 ஓகஸ்ட் 13 முதல், 200.216 பிரிவின்படி அமெரிக்க மானியக் காசில் குறித்த சில தொலைத்தொடர்பு, கண்காணிப்புச் சாதனங்களை வாங்க முடியாது. ஹுவாவே, இசட்டிஈ நிறுவனங்களின் தொலைத்தொடர்புச் சாதனங்கள் அதில் அடங்கும். ஹிக்விஷன், டாஹுவா, ஹைட்டெரா நிறுவனங்களின் கண்காணிப்பு, தொலைத்தொடர்புச் சாதனங்களுக்கும் இந்தத் தடை உண்டு. இவற்றின் துணை நிறுவனங்களும் சேரும். விலை பத்தாயிரம் ரூபாவானாலும் தடை தடைதான், வரம்பு ஒன்றும் இல்லை.

மட்டக்களப்பு, கல்முனைக் கடைகளில் சீசீடிவி என்று கேட்டால் முதலில் எடுத்துத் தருவது பெரும்பாலும் இந்தப் பெயர்களில் ஒன்றைத்தான். விலைமனுவில் ‘8 கமெரா செட்’ என்று மட்டும் எழுதித் தந்தால் ஏற்காதீர்கள். உற்பத்தி நிறுவனத்தின் பெயரும் மாதிரி இலக்கமும் எழுதச் சொல்லுங்கள். வேறு பெயரில் பொதி செய்து விற்கப்படும் கமெராக்களும் உண்டு, ஆகவே ‘தடை செய்யப்பட்ட நிறுவனங்களின் தயாரிப்பு அல்ல’ என்று விற்பனையாளரிடம் கடிதத் தலைப்பில் எழுதி வாங்குவது நல்லது. இணைய இணைப்போடு கம்பனி பூட்டிவிட்டுப் போகும் ரவுட்டரைத் திருப்பி அடியில் உள்ள லேபலையும் பாருங்கள். பெயர் பட்டியலில் இருந்தால், அந்த இணைப்பை மானியத்தில் போடுமுன் உங்களுக்கு நிதி தருகிற நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள். கள உத்தியோகத்தர்களுக்குக் கையடக்கத் தொலைபேசி வாங்கும்போதும் இதே கவனம்.

பொருள் வந்து இறங்கும் நாள்

பெட்டியைத் திறக்கும் நாளில் எடுக்கிற ஒரு மணித்தியாலம் பிறகு பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும். மூன்று தொடரிலக்கங்களை ஒப்பிடுங்கள்: பெட்டியில் இருப்பது, இயந்திரத்தின் அடியில் இருப்பது, பில்லில் இருப்பது. நமது கடைகள் பில்லில் மாதிரிப் பெயரை மட்டும் எழுதுவது வழமை. தொடரிலக்கங்களையும் எழுதித் தரும்வரை காசோலையைக் கொடுக்க வேண்டாம். 12 லப்டொப்புக்கு 12 இலக்கம். டெப்லட்டும் தொலைபேசியும் என்றால் *#06# அழுத்தி வரும் ஐஎம்ஈஐ இலக்கத்தை எடுங்கள். விலைமனுவில் 16 ஜிபி மெமரி என்று இருந்து, வந்ததில் 8 இருக்கிற சம்பவங்கள் நடக்கும். இயந்திரத்தை இயக்கிப் பார்த்துத்தான் பொருள் பெற்ற பற்றுச்சீட்டில் கையெழுத்து வைக்க வேண்டும். பொருளைப் பொறுப்பேற்பவர் கொள்வனவுக்கு அனுமதி கொடுத்தவராக இருக்கக் கூடாது.

அன்றே இலக்கம் ஒட்டுங்கள். கடதாசியில் அச்சிட்டு செலோடேப் ஒட்டினால், வாவிக்கரை ஈரக் காற்றுக்கும் கை வியர்வைக்கும் ஒரு மழைக்காலம் தாண்டாது. வினைல் அல்லது அலுமினிய லேபல் எடுங்கள். கழற்றக்கூடிய பற்றரி மூடியிலும், சார்ஜரிலும் மட்டும் ஒட்டாதீர்கள், உடலில் ஒட்டுங்கள். தொடரிலக்கத்தை மறைக்கக் கூடாது. இலக்கத்தைப் பார்த்தவுடன் விளங்கும்படி அமைக்கலாம்: மட்/25/லப்/007 என்றால் மட்டக்களப்பு அலுவலகம், 2025, லப்டொப், ஏழாவது. லேபலும் தொடரிலக்கமும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்து, கோப்புக்கு அந்த இலக்கத்தையே பெயராக வையுங்கள்.

பதிவேடு

எக்செல் போதும். தனி மென்பொருள் தேவையில்லை. உபகரணத்துக்கு 200.313 பிரிவு கேட்பவை: விபரம், தொடரிலக்கம் அல்லது வேறு அடையாள இலக்கம், நிதி மூலமும் மானிய அடையாள இலக்கமும், உரிமை யாரிடம், வாங்கிய திகதி, செலவு, அதில் அமெரிக்க அரசின் பங்கு எத்தனை சதவீதம், இருக்கும் இடம், பாவனையும் நிலையும், கடைசியில் அகற்றிய திகதியும் விற்ற விலையும். சப்ளைஸில் வருகிற லப்டொப்புக்கு இவ்வளவும் கட்டாயமில்லை. ஆனாலும் எல்லாவற்றுக்கும் ஒரே தாள் வைத்து, ‘வகை’ என்று ஒரு நிரல் போட்டால் வேலை குறைவு.

இதோடு நீங்களே சேர்க்க வேண்டியவை: வவுச்சர் இலக்கம், வாட், நாணய மாற்று வீதம், பொறுப்பாளர் பெயர், உத்தரவாதம் முடியும் திகதி, கடைசியாகக் கண்ணால் பார்த்த திகதி. இடம் என்பதில் ‘அலுவலகம்’ என்று எழுதாதீர்கள். ‘வாகரைக் கள அலுவலகம், முன் அறை, இரும்பு அலுமாரி’ என்று எழுதினால்தான் புதிதாக வருகிறவர் தேடிப் பிடிப்பார்.

பழைய வரியை அழித்து எழுதாதீர்கள். பொறுப்பாளர் மாறினால் மாற்றத் தாளில் புதிய வரி: திகதி, யாரிடமிருந்து, யாருக்கு, நிலை, இரு கையெழுத்து. உத்தியோகத்தர் விலகும்போது கடைசிச் சம்பளத்துக்கு முன் பொருள் திரும்பி வர வேண்டும் என்பதை நியமனக் கடிதத்திலேயே போடுங்கள். பொருட்கள் காணாமல் போவது பெரும்பாலும் களவில் அல்ல, ஆள் மாறுகிற அந்தக் கிழமையில்தான்.

பல்கலைக்கழகம் போன்ற அரச நிறுவனத்தில் நடக்கும் திட்டத்துக்கு இரண்டு விதியும் உண்டு. அமெரிக்க விதி உபகரணத்தை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது எண்ணச் சொல்கிறது. இலங்கை நிதிப் பிரமாணம் 756 வருடாந்தப் பொருட்கணிப்பைக் கேட்கிறது. வருடா வருடம் எண்ணினால் இரண்டும் நிறைவேறும். அரச ஒதுக்கீட்டில் டோனரும் கடதாசியும் 1201, திருத்த வேலை 1302 என்று மீண்டெழும் செலவில் போகும். அந்தக் குறிகளை மானிய வவுச்சரில் கலக்காதீர்கள்.

கணக்கெடுப்பு, வெள்ளம், களவு

வருட முடிவு டிசம்பரில் வருகிறது, நமக்கு அது வெள்ளக் காலம். படுவான்கரைப் பக்கம் பாதை மூடிவிட்டால் எண்ணப் போக வழியில்லை. செப்டெம்பரில் எண்ணி, டிசம்பர் 31 வரையான சேர்க்கை, நீக்கங்களைச் சேர்த்து முடிப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். எண்ணுகிறவர் பொறுப்பாளராக இருக்கக் கூடாது. இரண்டு திசையிலும் எண்ண வேண்டும்: பதிவேட்டிலிருந்து பொருளைத் தேடுவது ஒன்று, அறையில் கண்ட பொருளைப் பதிவேட்டில் தேடுவது மற்றொன்று. இரண்டாவதைச் செய்யாவிட்டால், பதியாமல் விட்ட பொருள் ஒருநாளும் வெளிவராது. வீட்டில் இருக்கிற லப்டொப்பை ‘படம் அனுப்புங்கள்’ என்று சரிபார்ப்பதாயின், தொடரிலக்கமும் அன்றைய திகதி எழுதிய தாளும் ஒரே படத்தில் இருக்க வேண்டும்.

ஒக்டோபர் முடிவதற்குள் நிலத்தில் இருக்கும் சிபியு, யூபிஎஸ், மின் இணைப்புப் பலகைகளை மேசை உயரத்துக்கு மேல் ஏற்றுங்கள். உங்கள் சொந்தச் சொத்துக்கு எடுக்கும் அளவு காப்புறுதியாவது மானிய உபகரணத்துக்கும் எடுக்க வேண்டும் என்பது விதி. காப்புறுதிப் பத்திரத்தில் வெள்ளம் அடங்கியிருக்கிறதா, களத்துக்குக் கொண்டுபோகும்போதும் செல்லுமா என்று பாருங்கள்.

களவு போனால் அன்றே பொலிஸ் முறைப்பாடு, தொடரிலக்கத்தோடு. முறைப்பாட்டுப் பிரதி, பொறுப்பாளரின் எழுத்து வாக்குமூலம், உள் விசாரணைக் குறிப்பு மூன்றும் கோப்பில் சேர வேண்டும். நிதி தந்த நிறுவனத்துக்கும் எழுதுங்கள். அரச நிறுவனமாயின் நிதிப் பிரமாணம் 104 இன்படி ஆரம்ப அறிக்கை 7 நாளுக்குள், முழு அறிக்கை மூன்று மாதத்துக்குள்.

திட்டம் முடியும்போது

உபகரணத்தின் அன்றைய சந்தை விலை ஓர் அலகுக்கு 10,000 டொலர் அல்லது அதற்குக் குறைவு என்றால் வைத்திருக்கலாம், விற்கலாம், கையளிக்கலாம், அமெரிக்க அரசுக்கு மேலும் கடப்பாடு இல்லை. அதற்கு மேல் என்றால் அறிவுறுத்தல் கேட்க வேண்டும். சந்தை விலைக்கு ஆதாரமாக இரண்டு கடைகளின் பாவித்த பொருள் விலையை எழுதி வாங்கி வையுங்கள். சப்ளைஸில், பிரிக்காத பாவிக்காத பொருட்களின் மொத்தம் 10,000 டொலரைத் தாண்டினால் மட்டுமே கேள்வி வரும். 2025 இல் அமெரிக்க வெளிநாட்டு உதவித் திட்டங்கள் பல திடீரென நிறுத்தப்பட்டபோது, பதிவேடு ஒழுங்காக இருந்த இடங்களில் இந்தப் பட்டியலை உடனே எடுத்துக் கொடுக்க முடிந்தது. நிறுத்தற் கடிதம் வந்த பிறகு பட்டியல் தயாரிக்கச் சம்பளக் காசு இருக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

பாடசாலைக்கோ வைத்தியசாலைக்கோ கையளிப்பதானால் முதலில் பயனாளிகளின் விபரங்களை முழுதாக அழியுங்கள். கோப்பை அழித்தால் போதாது, டிஸ்க்கையே துடைக்க வேண்டும். அடையாள அட்டை இலக்கங்களும் வங்கிக் கணக்குகளும் அதில் இருக்கும். கையளிப்புக் கடிதத்தில் ஒவ்வொரு தொடரிலக்கமும் இருக்க வேண்டும். அதிபரின் கையெழுத்தும் முத்திரையும் மட்டும் போதாது. அந்தப் பாடசாலையின் பொருட் பதிவேட்டில் எந்தப் பக்கத்தில், எந்த இலக்கத்தில் பதிந்தார்கள் என்பதையும் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் உங்கள் பதிவேட்டிலிருந்து நீங்கிய பொருள் எவருடைய பதிவேட்டிலும் இல்லாமல் நிற்கும்.

ஆவணங்களை இறுதி நிதி அறிக்கை சமர்ப்பித்த நாளிலிருந்து 3 வருடம் வைத்திருக்க வேண்டும். உபகரணத்துக்கு அந்த 3 வருடம் பொருளை அகற்றிய நாளிலிருந்துதான் தொடங்கும். பில் வெப்பக் கடதாசியில் அச்சானதாயின் சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே போட்டோப் பிரதி எடுத்து, மூலத்தோடு சேர்த்துக் குத்துங்கள்.